டிரங்குப் பெட்டி வாகடங்கள்: பழைய வைத்திய நூல்களைச் சேர்க்க ஒரு வழிகாட்டி

பழைய அச்சு வைத்திய நூல்களைச் சேர்க்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், உங்கள் குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவர் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். லண்டன் ஏலமும் இணையக் கடையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இருக்கும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே தமிழ் வைத்திய நூல்கள் கிடக்கின்றன, யாரும் பட்டியல் போடாதவை, சிலவற்றுக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்றே தெரியாது. அவை வேகமாக அழிந்துகொண்டும் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயன் வீடுகளை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தார்கள், ஜனங்கள் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்கு மாறினார்கள், ஒவ்வொரு முறை சாமான் கட்டும்போதும் அட்டை கிழிந்த புத்தகங்கள்தான் முதலில் வெளியே போயின. அவற்றைப் பழைய பேப்பர் லாரியில் கிலோக் கணக்கில் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சரி, உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டன்பர்க்கின் பைபிள் 1455 வாக்கில் வந்தது. அதிலிருந்து 1500 முடிய ஐரோப்பாவில் அச்சானவற்றைச் சேகரிப்பாளர்கள் தனி வகையாகவே வைக்கிறார்கள். அதில் வைத்திய நூல்களும் நிறைய உண்டு: ரோமானியரான செல்சஸ் எழுதிய மருத்துவ நூல் 1478-இல் ஃபுளோரன்சில் அச்சேறியது, உடல் படங்களோடு கேத்தம் என்பவர் பெயரில் வழங்கும் தொகுப்பு 1491-இல் வெனிசில் வந்தது. அடுத்த நூற்றாண்டில் வெசாலியஸ். 1543-இல் பாசல் நகரத்தில் அவருடைய பெரிய உடற்கூற்று நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 28. இவற்றில் எதையும் நம்மால் வாங்க முடியாது, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம், வெல்கம் நூலகம் போன்றவை படம் பிடித்து இலவசமாகப் போட்டிருப்பதைத் திரையில் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இவற்றைவிட நெருக்கமானது 1563-இல் கோவாவில் அச்சான ஒரு நூல். கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கீசிய வைத்தியர் இந்தியாவின் மருந்துச் சரக்குகளைப் பற்றி இரண்டு பேர் உரையாடுவது போல எழுதியது. மிளகு, வெற்றிலை, பாக்கு, புளி எல்லாம் அதில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று வரை பிழைத்திருக்கும் முதல் நூலான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் வந்தது 1578-இல், அதாவது நம் மண்ணின் மருந்துகளைப் பற்றி அச்சில் புத்தகம் வந்து 15 வருடம் கழித்து. தமிழ் வைத்தியம் தமிழ் எழுத்திலேயே பரவலாக அச்சேற இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1835-இல் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் காலத்துச் சட்டம் வந்து இந்தியர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைக்க முடிந்த பிறகுதான் ஏட்டில் கிடந்த வாகடங்கள், அதாவது வைத்திய நூல்கள், ஒவ்வொன்றாகப் புத்தகமாயின. ஆகவே நம் முதல் அச்சுக் காலம் என்று நான் எடுத்துக்கொள்வது 19-ஆம் நூற்றாண்டையும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியையும். உங்களுக்கும் அந்த எல்லையைத்தான் பரிந்துரைப்பேன்.

எதைத் தேடுவது

மூன்று ரகம் நம் வட்டாரத்தில் கிடைக்க வாய்ப்புள்ளவை. ஒன்று சித்தர்கள் பெயரில் வந்த பாடல் நூல்கள்: புலிப்பாணி வைத்தியம் 500, அகத்தியர் பரிபூரணம் 400, யூகி வைத்திய சிந்தாமணி 800, போகர் 7000 என்று. இவற்றோடு பதார்த்த குண சிந்தாமணி, குழந்தை வைத்தியத்துக்கான பாலவாகடம், மாட்டுவாகடம், விஷ வைத்தியம். சென்னை கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் ஸன்ஸ் மாதிரி பதிப்பாளர்கள் மலிவு விலையில் போட்டுத் தள்ளிய இந்தப் புத்தகங்கள்தான் கப்பலேறி வந்தவர்களின் பெட்டியில் அதிகம்.

இரண்டாவது ரகத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார், அதற்கான பாடப்புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். 1867-இல் வந்த இரணவைத்தியம் (அறுவைச் சிகிச்சை), 1875-இல் வந்த கெமிஸ்தம் (வேதியியல்) இரண்டும் அவற்றில் அடக்கம். இரயில்வேக்கும் அரசாங்க ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் ஈப்போ, தைப்பிங் பக்கம் நிறைய உண்டு என்பதால் அந்த வீட்டு அலமாரிகளைப் பற்றி விசாரிப்பது வீண்போகாது. அறுவைச் சிகிச்சையைத் தமிழில் படித்துத் தேறிய ஒரு தலைமுறை இருந்தது என்பதற்கு அந்தப் புத்தகங்கள்தான் சாட்சி, என் கையில் ஒன்று கிடைத்தால் அன்று இரவு தூங்க மாட்டேன்.

மூன்றாவது, ஆங்கிலத்தில் இருந்தாலும் நம்மைப் பற்றியவை. வைட்லா ஐன்ஸ்லி என்ற டாக்டர் 1813-இல் சென்னை அரசாங்க அச்சகத்தில் பதிப்பித்த மருந்துச் சரக்கு நூலில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. கிள்ளானில் டாக்டராக வேலை பார்த்த மால்கம் வாட்சன் தோட்டங்களில் மலேரியாவைத் தடுப்பது பற்றி 1911-இல் வெளியிட்ட நூல், நம் தாத்தா பாட்டிகள் எந்தக் காய்ச்சலில் செத்தார்கள் என்று அறிய விரும்பும் எவரும் படிக்க வேண்டியது.

தேடும் இடங்கள் என்றால் ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழம்பொருள் சந்தை, பினாங்கில் சௌராஸ்தா சந்தை மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகள், அங்கேயே லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் ஞாயிறு சந்தை. இங்கெல்லாம் தமிழ்ப் புத்தகம் எப்போதாவதுதான் கண்ணில் படும். கடைக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் சாமிப் பாட்டுப் புத்தகங்களுக்குள் வாகடமும் கலந்து கிடக்கும், பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் உண்மையான சுரங்கம் வீடுகள்தான். தோட்டத்து டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவரின் பேரப்பிள்ளைகள், பிள்ளைப்பேறு பார்த்த பாட்டியின் குடும்பம், ஊரில் மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர், மூடப்போகும் கோயில் ஸ்டோர்.

கேட்கும் முறைதான் முக்கியம். போனவுடன் “பழைய புத்தகம் இருக்கா, நான் வாங்கிக்கிறேன்” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அல்லது மறுநாள் விலை ஏறியிருக்கும். “பாட்டி, உங்க தோட்டத்துல பிள்ளைங்களுக்கு மாந்தம் வந்தா யாரு மருந்து குடுப்பாங்க?” என்று ஆரம்பியுங்கள். பேர் வரும், ஊர் வரும், அந்த ஆள் புத்தகத்தைப் பார்த்துக் கொடுத்தாரா மனப்பாடமாகக் கொடுத்தாரா என்பதும் வரும். புத்தகம் வீட்டில் இருந்தால் அவர்களே எடுத்து வருவார்கள். அப்போதும் உடனே விலை பேச வேண்டாம். கொடுக்க மனமில்லாதவரிடம், இரண்டு நாள் கடனாகக் கொடுங்கள், படம் எடுத்துவிட்டு ஒரு பெட்டியும் போட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். புத்தகம் அந்தக் குடும்பத்திலேயே பத்திரமாக இருப்பது நம் அலமாரிக்கு வருவதைவிட எந்த வகையிலும் குறைந்ததல்ல.

காலத்தைக் கண்டுபிடிப்பது

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கொம்பு போட்ட ‘லை’, ‘னை’, பழைய ‘றா’, ‘னா’ எழுத்துகளைக் காட்டி இது நூறு வருடப் புத்தகம் என்று விற்பார்கள். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டதே 1978-இல்தான். அதுவரை வந்த எல்லாப் புத்தகத்திலும், நம் மலேசியாவில் அதற்குப் பின்னும் சில காலம், அந்த எழுத்துகள்தான். அதனால் எழுத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

முகப்புத் தாளை முழுக்கப் படியுங்கள், பொடி எழுத்து உட்பட. “இஃது அகஸ்திய மகாமுனிவர் அருளிச்செய்தது” என்று தொடங்கும், நடுவில் யார் பரிசோதித்தார், எந்த அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று வரும், அடியில் காலம். அந்தக் காலம் பல நேரம் தமிழ் எண்ணில் இருக்கும்: ௲௮௱௯௰௨ என்றால் 1892. சில புத்தகங்களில் “நந்தன௵ ஆவணி௴” என்று மட்டும் இருக்கும், ௵ வருஷக் குறி, ௴ மாதக் குறி. அறுபது வருடம் சுற்றி வருவதால் நந்தன என்பது 1892-93 ஆகவும் இருக்கலாம், 1952-53 ஆகவும் இருக்கலாம். கணக்குக்குப் பிரபவ 1867, 1927, 1987 என்று மனதில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். முஸ்லிம் பதிப்பாளர்களின் நூல்களில் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும்.

இரண்டில் எது என்று முடிவு செய்யச் சுற்றுச் சான்றுகளைப் பாருங்கள். “1867-ம் வருஷத்து 25-வது ஆக்டின்படி” பதிவு செய்ததாகக் குறிப்பு இருந்தால் அதற்கு முன்னால் போக முடியாது. விலை அணாவில் இருந்தால் இந்தியாவில் நயா பைசா வந்த 1957-க்கு முந்தியது என்று ஊகிக்கலாம். பதிப்பாசிரியரின் போட்டோ உள்ளே இருந்தால், கம்பியால் தைத்திருந்தால், பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. நம் நாட்டுக் கடை முத்திரைகளும் உதவும்: ஊதா மையில் “தெலுக் அன்சன்” என்று குத்தியிருந்தால் அந்த ஊர் தெலுக் இந்தான் ஆன 1982-க்கு முன், “போர்ட் சுவெட்டன்ஹாம்” என்றால் 1972-க்கு முன். இது புத்தகம் கைமாறிய காலத்தைச் சொல்லும், அச்சான காலத்தைச் சொல்லாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கந்தல் துணிக் கூழில் செய்த பழைய தாள் ஐந்நூறு வருடம் கழித்தும் வளையும், மரக்கூழில் செய்த 1910-க்காலத் தாள் விரல் பட்டாலே அப்பளமாக நொறுங்கும். பழையது எல்லாம் பழுப்பாக இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

முழுமையா என்று பார்ப்பது அடுத்தது. பாடல் நூலில் தலைப்பிலேயே கணக்கு இருப்பது பெரிய வசதி. 500 என்று பேர் இருந்தால் கடைசிப் பாடலின் எண்ணைப் பாருங்கள், 463-இல் நின்றால் பின்னால் தாள் போயிருக்கிறது. அப்புறம் பாரக் குறி: ஒரே தாளில் அச்சாகி மடித்த பக்கங்களின் கட்டுக்குப் பாரம் என்று பேர், அப்படி அச்சான ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியிலும், அதாவது 8 அல்லது 16 பக்கத்துக்கு ஒரு முறை, சின்னதாக ஓர் எண் இருக்கும், அது வரிசையாக வருகிறதா என்று தடவிப் பார்த்தால் நடுவில் எதுவும் உருவப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பாகம் பாகமாக விற்றதை ஒன்றாகப் பைண்டு செய்திருப்பார்கள், முதல் பாகமும் மூன்றாம் பாகமும் மட்டும் உள்ள கட்டுகளும் வரும். ஐரோப்பியப் பழம்பதிப்புகளில் ஒற்றைத் தாள் மட்டும் சட்டம் போட்டு விற்பவர்கள் உண்டு. அதை வாங்கவே வாங்காதீர்கள், அதற்காகவே முழுப் புத்தகங்களைப் பிரிக்கிறார்கள்.

கையெழுத்து

வாங்க வேண்டுமா என்று நான் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓரக் குறிப்புகளை வைத்துத்தான். சுத்தமான பிரதிக்கே மதிப்பு என்று வெளிநாட்டுப் பட்டியல்கள் சொல்லும், நம் நூல்களுக்கு அந்த அளவுகோல் வேண்டாம். என்னிடம் ஒரு பாலவாகடம் இருக்கிறது, அட்டை இல்லை, முதுகில் சாக்குத் தைக்கும் நூலால் தைத்திருக்கிறார்கள். மாந்தம் பற்றிய பக்கங்களின் ஓரம் முழுக்கக் காப்பிப் பென்சிலில் எழுத்து, ஈரம் பட்ட இடமெல்லாம் ஊதாவாகக் கசிந்திருக்கிறது. “இந்தச் சரக்கு இங்கே இல்லை” என்று ஒரு மூலிகைக்கு எதிரே எழுதி, பக்கத்தில் இங்கு கிடைக்கும் செடியின் பேரை மலாயில், தமிழ் எழுத்தில். இன்னொரு பக்கத்தில் காய்ச்சல் கஷாயத்துக்கு எதிரே “கொய்னா குடுத்தாச்சு”, அதாவது குயினைன். பின்னட்டையின் உள்பக்கம் பிள்ளைகள் பிறந்த நாழிகை, அதில் இரண்டு பேருக்கு எதிரே சிலுவை மாதிரி ஒரு கோடு. அச்சான பாடல் வேறு எங்காவது கிடைத்துவிடும். கடல் தாண்டி வந்த வைத்தியம் இந்தக் காட்டில் எப்படி மாறியது என்பதை எழுதிவைத்த கை அந்தப் பிரதியில் மட்டும்தான் இருக்கிறது. அழிப்பானைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, பொட்டலம் கட்டிய காய்ந்த இலை எல்லாம் எங்கே இருந்ததோ அந்தப் பக்கத்து எண்ணைக் குறித்துக்கொண்டு இலையை மட்டும் தனி உறையில் போட்டு வையுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள மருந்துகளைச் செய்து பார்க்காதீர்கள். இரசம், லிங்கம், வீரம், பூரம், தாளகம், மனோசிலை என்று வருவதெல்லாம் பாதரசமோ ஆர்செனிக்கோ சேர்ந்தவை, சுத்தி முறை (நஞ்சு நீக்கும் முறை) அரைகுறையாக அச்சானவையும், அளவு தப்பாக அச்சானவையும் ஏராளம். புத்தகத்தைப் பார்த்து வருபவர் “இதுல நீரிழிவுக்கு ஏதாவது இருக்கா தம்பி” என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். படித்துக் காட்டலாம், எழுதிக் கொடுக்கக் கூடாது. அதே போல 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை இருந்தால் அந்தச் சாயத்திலேயே ஆர்செனிக் இருக்கலாம், தனிப் பையில் வைத்து, தொட்டால் கை கழுவுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் காப்பது

வீட்டுக்கு வந்த புத்தகத்தை நேராக அலமாரியில் மற்றவற்றோடு வைக்காதீர்கள். பூச்சி இருக்கும். காய்ந்த புத்தகமாக இருந்தால் ஜிப் பையில் காற்று போக மூடி, இன்னொரு பையும் போட்டு, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விட்டால்தான் உள்ளே நீர் கோர்க்காது. ஈரமான புத்தகத்தை இப்படிச் செய்ய வேண்டாம், முதலில் நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போடுவது நம் பழக்கம், மரக்கூழ்த் தாளை அது இன்னும் சீக்கிரம் நொறுக்கும். பூஞ்சணம் பூத்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வாசலில் வைத்து மெல்லிய பெயிண்டு பிரஷால் ஒரே திசையில் தள்ளுங்கள்.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம், நம் ஊரிலோ 80 சாதாரணம். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் ஒன்று சின்னதாக வாங்கி 50-இல் வைத்தால் போதும், என் அனுபவத்தில் இந்தப் பொழுதுபோக்கில் செலவழிக்க வேண்டிய முதல் பணம் அதற்குத்தான். முடியாதவர்கள் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி. ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்க வேண்டாம், வெள்ளம் வரும் ஊர்கள் இவை. சாமி அறையில் விளக்குப் புகைக்குப் பக்கத்திலும் வேண்டாம். கிழிந்த தாளுக்குச் செல்லோடேப் ஒட்டினால் அந்தப் பசை சில வருடத்தில் எழுத்தையே தின்றுவிடும், லாமினேட் செய்தால் அந்தத் தாள் தொலைந்தது என்று அர்த்தம். ஒட்ட வேண்டுமானால் ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும், அதுவும் ஒன்றுக்கும் உதவாத பழைய பத்திரிகையில் பழகிய பிறகு. கையுறை அவசியமில்லை, கழுவி நன்றாகத் துடைத்த கை போதும்.

வந்த நாளிலேயே படம் எடுத்துவிடுங்கள். மேலிருந்து போனைத் தாங்கும் ஒரு ஸ்டாண்டு, ஜன்னல் வெளிச்சம், அட்டை முதல் அட்டை வரை வெற்றுப் பக்கம் உட்பட. புத்தகத்தை 180 டிகிரிக்கு விரித்து அழுத்தாதீர்கள், இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு. அதற்கு முன் தமிழிணைய மின்னூலகத்திலும் ஆர்கைவ் தளத்திலும், யாழ்ப்பாண நூல் என்றால் ‘நூலகம்’ என்ற இணையத் தளத்திலும், அதே பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அதே தலைப்பு இருந்தாலும் பதிப்பு வேறாக இருக்கும், பாடல் எண்ணிக்கையும் மாறும். நீங்கள் ஏற்றப் போகிறீர்கள் என்றால் உரிமைக் கணக்கைப் பாருங்கள்: மலேசியாவில் ஆசிரியர் இறந்து 50 வருடம், இந்தியாவில் 60. உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் அந்தக் கணக்கில் வருவார்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 75 வருடம் தாண்டிய ஏட்டுச்சுவடியும் ஆவணமும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் வகையில் வரும், அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. ஊரில் சித்தப்பா வீட்டு ஏடுதானே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித் தாளில் ஒரு பதிவு எழுதி, புத்தகத்தில் ஒட்டாமல், பெட்டிக்குள் வையுங்கள்: யாரிடமிருந்து, எந்தத் தோட்டம், அவருக்கு அது யார் மூலம் வந்தது, வைத்தியம் பார்த்தவர் பேர், அவர் எந்த ஊரிலிருந்து எந்த வருடம் வந்தார் என்று குடும்பம் சொல்வது. கொடுத்தவர் பேரை இணையத்தில் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். உங்களுக்குப் பின் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று தோன்றினால் இப்போதே ஒரு நூலகத்துக்கு எழுதுங்கள், மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ச் சேகரிப்பு இருக்கிறது, சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் கோட்டையூரில் ஒருவர் தனியாளாகச் சேர்த்ததிலிருந்து 1994-இல் உருவானது. மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் எந்த நூலகமும் திணறும். முகப்புத் தாள், கடைசிப் பக்கம், ஓரக் குறிப்பு உள்ள ஒரு பக்கம், இந்த மூன்று படத்தோடு பதிவுத் தாளின் நகலையும் முதலில் அனுப்பி, பதில் வந்த பிறகு புத்தகத்தைக் கட்டுங்கள்.